மெதுவான ஜாயின் குவெரி: இண்டெக்ஸ் போடுவதா, மாற்றி எழுதுவதா, முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பதா?

“நாலு டேபிளை ஜாயின் பண்ற ரிப்போர்ட் ஒண்ணு 40 நொடி எடுக்குது. சீனியர் இண்டெக்ஸ் போடுங்கிறார். இன்னொருத்தர் மெட்டீரியலைஸ்டு வியூங்கிறார். மேனேஜர் சர்வருக்கு ராம் ஏத்திடலாமாங்கிறார். யார் சொல்றதைக் கேக்கறது?”

ஒரு வாசகர் கேட்டது இது. டேபிள் பெயர்கள் மட்டும் மாறி இதே கேள்வி என்னிடம் பலமுறை வந்துவிட்டது. ஜாயின் என்றால் பல டேபிள்களின் பதிவுகளைப் பொருத்திச் சேர்ப்பது. இண்டெக்ஸ் என்பது பதிவை வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல். மெட்டீரியலைஸ்டு வியூ என்பது குவெரியின் விடையை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிவைப்பது. மூன்று பேர் சொல்வதும் நடைமுறையில் இருக்கிற வழிகள்தான். ஆனால் மூன்றுக்கும் விலை வேறு வேறு. அந்த விலையைக் கொடுக்கிறவரும் வேறு வேறு. இண்டெக்ஸின் விலையை ஒவ்வொரு முறை பில் போடுகிறவர் கொடுக்கிறார். மெட்டீரியலைஸ்டு வியூவின் விலையை, நேற்றைய எண்ணைப் பார்த்து இன்று முடிவெடுக்கிறவர் கொடுக்கிறார். ராமுக்கு மாதா மாதம் கம்பெனி கொடுக்கிறது. எது வேகம் என்று பார்ப்பதற்கு முன்னால், பாரத்தை யார் தலையில் ஏற்றுகிறோம் என்று பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்தின் பில் சிஸ்டம். வாடிக்கையாளர்கள், அதாவது மருந்துக் கடைகள், 40,000. மருந்துகள் 30,000. பில்கள் 20 லட்சம். பில்லுக்குள் வரும் ஐட்டங்கள் 1 கோடியே 20 லட்சம். எந்த மாவட்டத்தில் எந்த மருந்து இந்த மாதம் எவ்வளவு விற்றது என்று காட்டும் ஒரு திரை நான்கு டேபிளையும் ஜாயின் செய்கிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். மைஎஸ்க்யூஎல் மாறுபடும் இடங்களைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, வேகம் எவ்வளவு தேவை. கடைக்காரர் போனில் காத்திருக்கும்போது திறக்கும் திரை என்றால் அரை நொடி. இரவு 2 மணிக்கு ஓடி மெயிலில் போகும் ரிப்போர்ட் என்றால் 40 நொடியே போதும், அதைத் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது, எழுதும் பக்கம் எவ்வளவு மெதுவாகும். வாசிப்பை வேகப்படுத்தும் பல வழிகள் இன்செர்ட்டையும் அப்டேட்டையும் கொஞ்சம் கடிக்கும்.

மூன்றாவது, தரவு எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும். இதற்குப் பதிலை நாமே ஊகிக்கக் கூடாது. ரிப்போர்ட்டைப் பார்க்கிறவரிடம் “காலை 6 மணி நிலவரம் போதுமா?” என்று நேராகக் கேட்க வேண்டும். பாதி நேரம் போதும் என்றுதான் சொல்வார்கள்.

நான்காவது, செய்தது தவறாகப் போனால் எவ்வளவு எளிதாகத் திரும்பலாம். ஒரு இண்டெக்ஸை நீக்க ஒரு வரி போதும். டேபிள் அமைப்பை மாற்றினால் அதைத் திருப்ப மாதங்கள் ஆகும். ஐந்தாவது, இரண்டு வருடம் கழித்து, இதைச் செய்தவர் வேலை மாறிப் போன பிறகு, இதை யார் பார்த்துக்கொள்வது. எடைபோடும்போது பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

## முதலில் பிளானைப் படியுங்கள்

பிளான் என்பது குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம். அதைக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பார்க்காமல் கீழே உள்ள எதையும் தேர்வு செய்ய முடியாது. எவ்வளவு தரவைப் படித்தது என்று காட்டும் பஃபர்ஸ் ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல்லிலும் 8.0.18 பதிப்பிலிருந்து, அதாவது 2019 முதல், இது இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: அனலைஸ் சேர்த்தால் குவெரி நிஜமாகவே ஓடும். அப்டேட், டெலீட் என்றால் டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்துவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸுக்கு ஜாயின் செய்ய மூன்று வழிகள் தெரியும். நெஸ்டட் லூப்: ஒரு பக்கத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் மறுபக்கம் போய்த் தேடுவது. ஹாஷ் ஜாயின்: சிறிய பக்கத்தை நினைவகத்தில் ஹாஷ் டேபிளாகக் கட்டிக்கொண்டு, பெரிய பக்கத்தை ஒரே ஓட்டமாக அதில் பொருத்துவது. மெர்ஜ் ஜாயின்: இரண்டு பக்கத்தையும் வரிசைப்படுத்தி, பல்லோடு பல் சேர்ப்பது. எதை எடுப்பது என்று பிளானர், அதாவது டேட்டாபேஸில் பிளான் போடும் பகுதி, செலவை மதிப்பிட்டு முடிவு செய்கிறது. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் பேட்ரிஷியா செலிங்கரும் குழுவினரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன முறைதான் இன்றைய பிளானர்களுக்கும் அடித்தளம். மதிப்பீடு என்றால் அது தப்பவும் செய்யும். பத்து பதிவு வரும் என்று நினைத்து நெஸ்டட் லூப்பை எடுத்த பிறகு ஐம்பதாயிரம் வந்தால், குவெரி ஓடிக்கொண்டிருக்கும்போது போஸ்ட்கிரெஸ் வழியை மாற்றிக்கொள்ளாது.

எனவே பிளானில் முதலில் பார்க்க வேண்டியது கணித்த பதிவுகளும் நிஜத்தில் வந்த பதிவுகளும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் சாதாரணம். நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்றால் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. அடுத்து லூப்ஸ். ஒரு இண்டெக்ஸ் ஸ்கேன் எதிரே 0.25 மில்லிநொடி என்று போட்டிருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். அது ஒரு லூப்புக்கான சராசரி. அதே வரியின் கடைசியில் லூப்ஸ் 48,000 என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 12 நொடி. காணாமல் போன நேரம் பெரும்பாலும் இப்படிச் சின்ன எண்ணுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

## வழி 1: புள்ளிவிவரத்தைப் புதுப்பிப்பது

கணிப்புக்கும் நிஜத்துக்கும் பெரிய இடைவெளி இருந்தால் இதுதான் முதல் வேலை. அனலைஸ் கட்டளை (எக்ஸ்பிளெயினோடு சேரும் அனலைஸ் வேறு, இது தனிக் கட்டளை) டேபிளிலிருந்து மாதிரி எடுத்து, எந்த மதிப்பு எவ்வளவு வருகிறது என்று குறித்துவைக்கும். இயல்பான அமைப்பில் அந்த மாதிரி 30,000 பதிவுகள். பின்னணியில் ஓடும் பராமரிப்பு வேலையான ஆட்டோவேக்யூம் இதைத் தானே செய்யும் என்பது உண்மைதான், ஆனால் எப்போது? டேபிளில் 10 சதவீதமும் அதன் மேல் 50 பதிவுகளும் மாறிய பிறகு. நம் பில் டேபிளில் 20 லட்சம் பதிவுகள் என்றால் 2 லட்சத்துக்கு மேல் மாற வேண்டும். மாதம் 60,000 பில் போடும் நிறுவனத்தில் அதற்கு மூன்று மாதத்துக்கும் மேல் ஆகும். அதுவரை ‘இந்த மாதம்’ என்று கேட்கும் குவெரிக்கு பிளானரிடம் இருப்பது பழைய படம். புதிய பில்களைக் குறைத்தே கணிக்கும். அந்த டேபிளுக்கு மட்டும் 10 சதவீதத்தை 1 சதவீதமாகக் குறைத்துவிட்டால் பத்து நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும்.

இன்னொரு வகைத் தப்பு உண்டு. மாவட்டம் கோவை, பின்கோடு 641001 என்று இரண்டு நிபந்தனை தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களில் 20-இல் ஒருவர் கோவை மாவட்டம், 400-இல் ஒருவர் அந்தப் பின்கோடு என்றால், பிளானர் இரண்டையும் பெருக்கி 8,000-இல் ஒருவர் என்கிறது. 40,000 பேரில் 5 பேர். நிஜம் 100 பேர், ஏனென்றால் அந்தப் பின்கோட்டில் இருக்கிற எல்லாரும் கோவைக்காரர்கள்தான். இந்த 20 மடங்குப் பிழை அடுத்தடுத்த ஜாயினில் ஏறிக்கொண்டே போகும். போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்து கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கட்டளையால் இந்த இரண்டு நெடுவரிசைக்கும் உறவு உண்டு என்று சொல்லிவைக்கலாம். ஆனால் அது ஒரே டேபிளுக்குள் மட்டும்தான் உதவும். ஒரு டேபிளின் மாவட்டத்துக்கும் இன்னொரு டேபிளின் மருந்துக்கும் இடையே உள்ள உறவை அது பிடிக்காது.

மறைந்திருக்கும் செலவு மிகக் குறைவு. அதனால்தான் இதை முதலில் வைத்தேன். ஆட்டோவேக்யூம் டெம்பரரி டேபிள்களைத் தொடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிரப்பிய கையோடு நீங்களே அனலைஸ் போட வேண்டும். பெரிய பதிப்பு மாற்றம் செய்த மறுநாள் எல்லாமே மெதுவாகிவிட்டது என்று கலங்குகிறவர்களுக்கும் பதில் இங்கேதான். போஸ்ட்கிரெஸ் 17 வரை அப்கிரேடில் புள்ளிவிவரம் சேர்ந்து வராது. 18-க்கு மாறும்போது பெரும்பாலும் வந்துவிடும், கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டவை மட்டும் வராது.

## வழி 2: இண்டெக்ஸ்

கணிப்பு சரியாக இருந்தும், நாலு பதிவுக்காக மொத்த டேபிளையும் படிப்பது தெரிந்தால் இண்டெக்ஸ்.

ஜாயின் விஷயத்தில் அடிக்கடி காலை வாரிவிடும் ஒன்று ஃபாரின் கீ, அதாவது இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் நெடுவரிசை. போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீ வைத்தால் அது சுட்டுகிற பக்கத்தில் யுனிக் இண்டெக்ஸ் ஏற்கெனவே இருக்கும், ஆனால் சுட்டும் பக்கத்தில் தானாக எதுவும் வராது. ஐட்டம் டேபிளில் உள்ள பில் எண்ணுக்கு நீங்கள்தான் இண்டெக்ஸ் போட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி இதைத் தானே போட்டுக்கொள்ளும். அங்கிருந்து போஸ்ட்கிரெஸுக்கு வந்தவர்கள் இருக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். ஜாயின் மட்டுமல்ல, ஒரு பில்லை நீக்கினால்கூட 1.2 கோடி ஐட்டத்தையும் தடவிப் பார்க்கும்.

இரண்டு நெடுவரிசையைச் சேர்த்துப் போடும்போது வரிசை முக்கியம். ‘சமம்’ என்று கேட்பது முன்னால், ‘இதிலிருந்து அதுவரை’ என்று கேட்பது பின்னால். வாடிக்கையாளர் எண், பிறகு தேதி என்று போட்டால் ஒரு கடையின் ஒரு மாதப் பில்கள் இண்டெக்ஸில் அடுத்தடுத்து இருக்கும். தேதி முன்னால் இருந்தால் அந்த மாதம் போட்ட எல்லாக் கடைப் பதிவுகளையும் தாண்டித்தான் வர முடியும். 11-ஆம் பதிப்பிலிருந்து இன்க்ளூட் மூலம் தொகை போன்ற நெடுவரிசையையும் இண்டெக்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது டேபிளுக்கே போகாமல் வேலை முடியும் வாய்ப்பு உண்டு.

இண்டெக்ஸ் இருந்தும் எடுக்கவில்லையா? ஜாயின் நிபந்தனையில் நெடுவரிசையின் மேல் ஃபங்ஷன் அல்லது காஸ்ட் (தரவு வகையை மாற்றுவது) போர்த்தியிருக்கிறதா பாருங்கள். ஒரு டேபிளில் பில் எண் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருந்தால் இது நேரும். போஸ்ட்கிரெஸ் அந்த இடத்தில் பிழை காட்டிவிடும், அதனால் யாரோ காஸ்ட் போட்டுச் சமாளித்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல் பிழையும் காட்டாமல் தானே மாற்றிக்கொண்டு, எழுத்து நெடுவரிசையின் இண்டெக்ஸைக் கைவிட்டுவிடும். எழுத்துக் குறியீட்டு முறை பழைய டேபிளில் யுடிஎஃப்8எம்பி3, புதியதில் யுடிஎஃப்8எம்பி4 என்று இருந்தாலும் அங்கே இதே தொல்லை வரும். இதற்கு மருந்து, இரண்டு பக்கத்தின் வகையையும் ஒன்றாக்குவது.

இனி விலை. ஒவ்வொரு இன்செர்ட்டும் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் எழுத வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அப்டேட். இண்டெக்ஸில் இல்லாத நெடுவரிசையை மட்டும் மாற்றினால், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ்களைத் தொடாமலே அப்டேட்டை முடிக்கும். இதற்கு ஹாட் அப்டேட் என்று பெயர். ‘பணம் வந்ததா’ என்ற, அடிக்கடி மாறும் நெடுவரிசையில் ஒரு இண்டெக்ஸ் போட்டீர்கள் என்றால் அந்தச் சலுகை போய்விடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரசீதும் அந்த டேபிளின் எல்லா இண்டெக்ஸிலும் புதுப் பதிவு எழுதும். ரிப்போர்ட் வேகமாகும், பில் கவுண்டர் கனக்கும்.

போடும்போதும் பார்த்துப் போட வேண்டும். சாதாரணமாக கிரியேட் இண்டெக்ஸ் போட்டால் அது முடியும்வரை டேபிளில் எழுத முடியாது. கன்கரன்ட்லி சேர்த்தால் எழுதலாம், நேரம் மட்டும் கூடும். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே தங்கிவிடும். அது வாசிப்புக்கு உதவாது, ஆனால் எழுதும்போது வேலை வாங்கும். தேடி நீக்குங்கள்.

குவெரி டேபிளின் பெரும் பங்கைத் தொடுகிறது என்றால் இண்டெக்ஸால் பயன் குறைவு. வருடாந்திர மொத்த விற்பனைக்கு முழு டேபிளையும் வரிசையாகப் படித்து ஹாஷ் ஜாயின் செய்வதுதான் சரியான பிளான். அங்கே சீக்வென்ஷியல் ஸ்கேனைப் பார்த்துப் பதற வேண்டாம்.

## வழி 3: குவெரியை மாற்றி எழுதுவது

இதில் வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அகப்படுவதுண்டு: விடையே தவறாக இருப்பது. ஒரு பில்லுக்கு 10 ஐட்டம், 3 ரசீது. பில்லை ஐட்டத்தோடும் ரசீதோடும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால் 30 பதிவு வரும். ரசீதுத் தொகையைக் கூட்டினால் 10 மடங்காகும். அதை மறைக்க டிஸ்டிங்க்ட் போடுவார்கள். டிஸ்டிங்க்ட் போட்டால் ஒரே தொகைக்கு வந்த இரண்டு ரசீது ஒன்றாகிவிடும். ஐட்டங்களைப் பில்வாரியாகத் தனியே கூட்டி, ரசீதுகளைத் தனியே கூட்டி, பிறகு பில்லோடு சேர்த்தால் விடையும் சரியாகும், ஜாயின் சுமக்கும் பதிவும் பல மடங்கு குறையும். மெதுவான குவெரியில் டிஸ்டிங்க்ட் கண்ணில் பட்டால் நான் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

அடுத்தது ஜாயின் நிபந்தனைக்குள் ‘அல்லது’. ‘பில் முகவரி எண் அல்லது டெலிவரி முகவரி எண் இதற்குச் சமம்’ என்று எழுதினால் ஹாஷ் ஜாயினும் மெர்ஜ் ஜாயினும் செய்ய வழியில்லாமல் நெஸ்டட் லூப்பில்தான் போய் விழும். இரண்டு குவெரியாகப் பிரித்து யூனியன் செய்தால் இரண்டுக்கும் நல்ல பிளான் கிடைக்கும். ‘ஒரு பில்லாவது இருக்கிற கடைகள்’ என்பதற்கு ஜாயினும் டிஸ்டிங்க்டும் வேண்டாம், எக்ஸிஸ்ட்ஸ் போதும். ‘பில்லே இல்லாத கடைகள்’ என்பதற்கு நாட் இன் எழுதியிருந்தால் நாட் எக்ஸிஸ்ட்ஸாக மாற்றுங்கள். உள்ளே ஒரே ஒரு நல் (மதிப்பில்லாத இடம்) இருந்தாலும் நாட் இன் எதையும் தராமல் போகும்.

பெயர் வைத்துச் சேமித்த குவெரிதான் வியூ. வியூவின் மேல் வியூ கட்டி, கடைசியில் 14 டேபிள் ஜாயின் ஆகிறதா? போஸ்ட்கிரெஸில் ஜாயின் கொலாப்ஸ் லிமிட் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 8. அதைத் தாண்டினால் எல்லா வரிசையையும் அது முயன்று பார்க்காது, நீங்கள் எழுதிய வரிசை பெருமளவு அப்படியே நிற்கும். தேவையில்லாத வியூவைப் பிரித்து, வேண்டிய நான்கு டேபிளை மட்டும் நேரடியாக எடுப்பதே நல்லது. வித் வைத்து எழுதும் உட்குவெரிகள் 12-க்கு முந்தைய பதிப்புகளில் தனித்தனியே முழுதாக ஓடும், வெளியே தரும் நிபந்தனை உள்ளே போகாது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, ஒருமுறை மட்டும் பயன்படுவதை வெளிக் குவெரியோடு கலந்துவிடுகிறது.

இந்த வழியின் விலையைக் கொடுக்கிறவர் டெவலப்பர். எழுதும் பக்கம் துளியும் மெதுவாகாது. ஆனால் பொருள் மாறிவிடும் அபாயம் உண்டு. பழைய குவெரியையும் புதியதையும் எக்ஸெப்ட் ஆல் போட்டு, இரண்டு திசையிலும் கழித்துப் பாருங்கள். இரண்டு முறையும் காலியாக வந்தால்தான் ஏற்றலாம்.

## வழி 4: நினைவகமும் செட்டிங்கும்

பிளானில் ஹாஷ் என்ற இடத்தில் பேட்ச்சஸ் 1-க்கு மேல் இருந்தால் ஹாஷ் டேபிள் நினைவகத்தில் அடங்காமல் டிஸ்க்குக்கு வழிந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒரு வேலைக்கான நினைவக வரம்பு ஒர்க் மெம், இயல்பாக 4 எம்பி. 15-ஆம் பதிப்பிலிருந்து ஹாஷுக்கு மட்டும் அதன் இரண்டு மடங்கு கிடைக்கும். ரிப்போர்ட்டுக்கு இது பத்தாது.

சரி, சர்வர் முழுக்க 64 எம்பி ஆக்கிவிடலாமா? கணக்குப் போடுங்கள். ஹாஷுக்கு 128 எம்பி, ஒரு குவெரியில் மூன்று ஹாஷ், ஒரே நேரத்தில் 50 பேர்: 19,200 எம்பி. 16 ஜிபி சர்வர் மாத இறுதியில் மூச்சுத் திணறி விழும், அன்றைக்குப் பில்லும் போட முடியாது. அந்த ஒரு ரிப்போர்ட்டின் டிரான்சாக்ஷனுக்குள் மட்டும் செட் லோக்கல் மூலம் ஏற்றுவதுதான் சரி.

எஸ்எஸ்டி சர்வரில் ரேண்டம் பேஜ் காஸ்ட் இன்னும் 4-இல் இருந்தால் பிளானர் சுழலும் டிஸ்க்கை மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 1.1 அளவுக்குக் குறைப்பது வழக்கம். நெஸ்டட் லூப்பை அணைத்துவைக்கும் செட்டிங்கைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். புரொடக்ஷனில் அது வேறு நூறு குவெரியைக் கெடுக்கும்.

## வழி 5: முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது

குவெரி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, பிளானும் சரி, ஆனால் படிக்க வேண்டிய தரவே அவ்வளவு. அப்போதுதான் மெட்டீரியலைஸ்டு வியூ. போஸ்ட்கிரெஸில் இது 2013-இல் 9.3-உடன் வந்தது. விடையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும், திரை அதை மட்டும் படிக்கும். ரிஃப்ரெஷ் சொன்னால் மொத்தத்தையும் மறுபடி கணக்கிடும். மாறியதை மட்டும் சேர்க்கும் வசதி போஸ்ட்கிரெஸில் உள்ளபடியே கிடையாது. எஸ்க்யூஎல் சர்வரின் இண்டெக்ஸ்டு வியூ எழுதும்போதே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அங்கே விலை எழுதுகிறவருக்குப் போகிறது. மைஎஸ்க்யூஎல்லில் மெட்டீரியலைஸ்டு வியூவே இல்லை, சுருக்க டேபிள் நாமே கட்ட வேண்டும்.

வெறும் ரிஃப்ரெஷ் நடக்கும்போது அந்த வியூவை யாரும் படிக்கக்கூட முடியாது. 9.4-இல் வந்த கன்கரன்ட்லி சேர்த்தால் படிக்கலாம், அதற்கு வியூவின் மேல் ஒரு யுனிக் இண்டெக்ஸ் வேண்டும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு மாற்றுவதால் பல பதிவுகள் மாறியிருந்தால் இன்னும் மெதுவாகும். ரிஃப்ரெஷ் செய்யும் கிரான் வேலை (நேரம் குறித்துத் தானே ஓடுவது) ஒரு இரவு தோற்றால் திரையில் எந்தப் பிழையும் வராது. பழைய எண் அப்படியே, நம்பும்படியாக நிற்கும். ‘இந்த நேரத்து நிலவரம்’ என்று திரையிலேயே காட்டுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

டிரிக்கர், அதாவது பதிவு மாறும்போது தானே ஓடும் கட்டளை, வைத்துச் சுருக்க டேபிளை உடனுக்குடன் புதுப்பிக்கலாமே என்று தோன்றும். மாவட்டத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு பதிவு என்று வைத்தால், அந்த மாவட்டத்தில் பில் போடும் எல்லாரும் அந்த ஒரே பதிவைப் பூட்டக் காத்து நிற்பார்கள்.

எனக்குப் பிடித்த வழி நடுவில் இருக்கிறது. முடிந்த மாதங்களைச் சுருக்க டேபிளில் வைத்துவிடுவது, நடப்பு மாதத்தை மட்டும் நேரடியாகக் கணக்கிடுவது, இரண்டையும் யூனியன் ஆல் செய்வது. ஜிஎஸ்டியில் திரும்பி வந்த சரக்குக்குப் பழைய பில்லைத் திருத்துவதில்லை, தனியே ஒரு கிரெடிட் நோட் அதற்குரிய தேதியில் போடுகிறோம். ஆகவே மாதம் மூடிய பிறகு பழைய எண்கள் அசையாது. தொழிலே இந்த வசதியைத் தந்திருக்கிறது.

## வழி 6: டீநார்மலைஸ் செய்வது

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஜாயினைத் தவிர்ப்பதற்காக வாடிக்கையாளரின் மாவட்டத்தைப் பில் டேபிளிலும் ஐட்டம் டேபிளிலும் நகல் எடுத்து வைத்தோம். திரை பறந்தது. பிறகு ஒரு கடை வேறு மாவட்டத்துக்கு மாறியது. பழைய பில்களின் மாவட்டத்தை மாற்றுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு டேபிளில் மாற்றினார்கள், இன்னொன்றை மறந்துவிட்டார்கள். இரண்டு ரிப்போர்ட் இரண்டு மொத்தம் காட்டியது. விற்பனைப் பிரதிநிதிகளின் இன்சென்டிவ் அந்த எண்ணில்தான் ஓடியது. எண்களைச் சரிசெய்ய வாரக்கணக்கில் உட்கார்ந்தோம். கடைசியில் ஆரம்பத்து பிளானைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது, ஐட்டம் டேபிளின் பில் எண்ணில் இண்டெக்ஸ் இல்லை. அவ்வளவுதான்.

அதனால் இதைக் கடைசியில் வைக்கிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பில் போட்ட அன்றைய விலையை ஐட்டத்தில் எழுதிவைப்பது நகல் இல்லை. அது அன்று நடந்த உண்மை, நாளை மருந்தின் விலை மாறினாலும் அது மாறக் கூடாது. அது அங்கே இருந்தே ஆக வேண்டும். மாவட்டம்? பில் போட்ட அன்றைய மாவட்டம் வேண்டுமா, இன்றைய மாவட்டம் வேண்டுமா என்று தொழிலைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. பதில் ‘அன்றையது’ என்றால் நகல் எடுப்பதுதான் சரி, வேகம் உபரி லாபம்.

## வழி 7: பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றுவது

மெயின் சர்வரின், படிக்க மட்டுமான நகலான ரீட் ரெப்ளிகாவில் ஓட்டினால் 40 நொடிக் குவெரி அங்கேயும் 40 நொடிதான். பில் கவுண்டர் மட்டும் தப்பிக்கும், அதுவே சில இடங்களில் போதும். நீண்ட குவெரி மெயின் சர்வரிலிருந்து வரும் மாற்றங்களோடு மோதினால் ரெப்ளிகா இயல்பாக 30 நொடி காத்துவிட்டுக் குவெரியை ரத்து செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கிளிக்ஹவுஸ், டக்டிபி போன்ற நெடுவரிசை டேட்டாபேஸ்கள் கோடிக்கணக்கான பதிவுகளைக் கூட்டும் வேலைக்கு நன்றாக ஓடும். ஆனால் தரவை அங்கே கொண்டுபோகும் குழாயைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். 1.2 கோடி பதிவுக்கு இது அவசியமில்லை.

## ஒரு பார்வையில்

| வழி | விலையைக் கொடுப்பவர் | தரவு | திரும்புவது | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| புள்ளிவிவரம் | ஏறக்குறைய யாருமில்லை | உடனடி | மிக எளிது | கணிப்பும் நிஜமும் பல மடங்கு விலகும்போது |
| இண்டெக்ஸ் | எழுதுகிறவர், டிஸ்க் இடம் | உடனடி | எளிது | பெரிய டேபிளிலிருந்து சிறு பங்கு எடுக்கும்போது |
| மாற்றி எழுதுதல் | டெவலப்பரின் நேரம் | உடனடி | எளிது | டிஸ்டிங்க்ட், ‘அல்லது’, வியூமேல் வியூ இருக்கும்போது |
| நினைவகம் | சர்வரில் மற்ற எல்லாரும் | உடனடி | எளிது | பேட்ச்சஸ் 1-ஐத் தாண்டும்போது |
| மெட்டீரியலைஸ்டு வியூ | எண்ணைப் பார்க்கிறவர் | பழையது | நடுத்தரம் | தரவே பெரிது, நேற்றைய நிலவரம் போதும்போது |
| டீநார்மலைஸ் | அடுத்து வரும் டீம் | முரண்படலாம் | கடினம் | அன்றைய மதிப்பே உண்மையாக இருக்கும்போது |
| ரெப்ளிகா, வேறு டேட்டாபேஸ் | கம்பெனி, பராமரிப்பவர் | சற்றுத் தாமதம் | நடுத்தரம் | ரிப்போர்ட் பில் வேலையை நெருக்கும்போது |

## நம் மருந்துத் திரைக்கு

நானாக இருந்தால் பில் டேபிளின் அனலைஸ் வரம்பை 1 சதவீதமாக்குவேன். ஐட்டத்தின் பில் எண்ணில் இண்டெக்ஸ் இருக்கிறதா பார்ப்பேன். பில் தேதியில் இண்டெக்ஸ் இல்லையென்றால் போடுவேன். ஒரு மாதத்துக்கு 60,000 பில், அதற்கேற்ப மூன்றரை லட்சம் ஐட்டம். இவ்வளவையும் ஹாஷ் ஜாயின் செய்து மாவட்டவாரியாகக் கூட்டுவது பெரிய வேலை இல்லை. பேட்ச்சஸ் வழிந்தால் அந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஒர்க் மெம். ‘கடந்த மூன்று வருடம்’ என்ற பட்டனை யாராவது கேட்டால்தான் முடிந்த மாதங்களுக்கான சுருக்க டேபிள்.

முதலில் கேட்ட வாசகருக்கு வருகிறேன். அவரிடம் பிளானை வாங்கிப் பார்த்தேன். ரிப்போர்ட்டின் முதல் அடியில் 61,000 பதிவுள்ள ஒரு டெம்பரரி டேபிளை நிரப்பி, அதில் நிலுவையில் உள்ளவற்றை மட்டும் எடுத்து, மற்ற மூன்றோடு ஜாயின் செய்கிறார்கள். கணிப்பு 305, நிஜம் 58,000. புள்ளிவிவரமே இல்லாத நெடுவரிசையில் ‘சமம்’ என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் 200-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறது. 61,000-ஐ 200-ஆல் வகுத்தால் சரியாக அந்த 305 வரும். முன்னூறு பதிவுதானே என்று நெஸ்டட் லூப்பை எடுத்திருக்கிறது. டேபிளை நிரப்பும் வரிக்குக் கீழே அனலைஸ் என்று ஒரு வரி சேர்த்தார். பிளான் ஹாஷ் ஜாயினுக்கு மாறியது. அடுத்து, அந்த மாதம் ஏற்றுவதாக இருந்த ராமுக்கான கோரிக்கையை மேனேஜரிடமிருந்து திரும்ப வாங்கினார்.